மைல் கணக்கில் அள்ளிக் கொடுத்த நிலம்

சொத்து என்றால் விற்கலாம், அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம். இது பி.காம் முதல் வருடப் பாடம். உகாண்டாவின் நடுப்பகுதியான புகாண்டாவில் இது இரண்டும் சுலபமாக நடக்காத நிலம் லட்சக்கணக்கான ஏக்கர் இருக்கிறது. ஒருவரிடம் பத்திரம், இன்னொருவரிடம் மண். எப்படி வந்தது இந்தக் குழப்பம்?

1900-க்கு முன்பு புகாண்டாவில் நிலம் கபாகா என்ற ராஜாவின் பெயரில் இருந்தது. தலைவர்களுக்கு பதவி இருக்கும் வரைதான் நிலம். குலங்களுக்கு முன்னோர்களைப் புதைத்த இடங்கள் தனியாக உண்டு. குடியானவனுக்கு ஒரு தலைவரைப் பிடிக்கவில்லை என்றால் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடலாம். அந்த பயத்திலாவது தலைவர்கள் கொஞ்சம் ஒழுங்காக நடந்துகொண்டார்கள்.

1900-ல் பிரிட்டிஷ் பிரதிநிதி ஹாரி ஜான்ஸ்டன் ஓர் ஒப்பந்தம் போட்டார். அப்போது ராஜா தாவுதி ச்வாவுக்கு நாலு வயது கூட ஆகவில்லை! அவருக்காகக் கையெழுத்துப் போட்டது அபோலோ கக்வா முதலான மூன்று பிரதானிகள். சுமார் 8,000 சதுர மைல் (51 லட்சம் ஏக்கர்) தலைவர்களுக்கும் தனியாருக்கும் நிரந்தர சொந்தமானது. 'மைல்' அங்கே 'மைலோ' ஆகி, அந்த நில உரிமைக்கே பெயராகிவிட்டது. யாருக்கு எவ்வளவு என்று பட்டியல் போட்டதும் அந்தத் தலைவர்கள் உட்கார்ந்திருந்த சபைதான். பந்தியில் பரிமாறுகிறவனே முதல் ஆளாக இலை போட்டு உட்கார்ந்த கதை! உழுதவனை யாரும் கேட்கவில்லை. குலத்தின் புதைகுழி இருந்த இடம் கூட வேறு யாரோ ஒருவர் பெயருக்குப் போனது.

பிறகு பருத்தி வந்தது. நிலக்காரர்கள் விளைச்சலில் பங்கு கேட்டார்கள். 1920-களில் குலத்தலைவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். பருத்தி படுத்துவிட்டால் தங்களுக்கும் நஷ்டம் என்று பிரிட்டிஷாருக்குப் புரிந்தது. 1928 சட்டம் வாடகையையும் விளைச்சல் பங்கையும் கட்டிப்போட்டது. நினைத்தபடி வெளியேற்றவும் தடை வந்தது. குடியானவனுக்கு இது உண்மையிலேயே பெரிய வெற்றி என்பேன்.

1975-ல் இடி அமீன் எல்லா நிலமும் அரசாங்கத்துடையது என்று ஆணை போட்டார். காகிதத்தில் மைலோ போனது, 1928-ன் பாதுகாப்பும் சேர்ந்து போனது. ஆனால் ஊரில் பழைய வழக்கமே பெரும்பாலும் ஓடிக்கொண்டிருந்தது. 1995 அரசியல் சட்டம் மைலோவைத் திரும்பக் கொண்டுவந்தது. 1998 நிலச் சட்டம், 1995 அரசியல் சட்டத்துக்குப் பன்னிரண்டு வருடம் முன்பிருந்தே ஆட்சேபணை இல்லாமல் குடியிருந்தவர்களுக்கும் பாதுகாப்பு கொடுத்து, வருட வாடகையை முதலில் 1,000 ஷில்லிங் என்று வைத்தது. இன்றைய மதிப்பில் நம் ஊரில் ஒரு டீயும் வடையும் வாங்கலாம்! 2010 திருத்தம் இன்னும் இறுக்கியது: இந்த வாடகை பாக்கி வைத்தால் மட்டுமே, அதுவும் கோர்ட் உத்தரவோடுதான் வெளியேற்ற முடியும்.

நிலக்காரர் கணக்கில் பாருங்கள். வருமானம் கிட்டத்தட்ட பூஜ்யம், நிலத்தின் விலையோ கம்பாலா வளர வளர ஏறுகிறது. அவர் என்ன செய்வார்? சத்தமில்லாமல் வெளியூர் ஆளுக்கு விற்றுவிடுவார். புதிதாக வாங்கியவர் அடியாட்களோடு வந்து நிற்கும்போதுதான் குடியானவருக்கு விஷயமே தெரியும். விற்பதானால் முதலில் குடியிருப்பவரிடம்தான் கேட்க வேண்டும் என்று 1998 சட்டத்திலேயே இருக்கிறது. அவர் வாங்கக் கடன் கொடுக்க ஒரு நில நிதியும் அதே சட்டத்தில் வந்தது. ஆனால் தேவைக்குப் பக்கத்தில் கூட வராத அளவு பணம்தான் அதில் போடப்பட்டது.