தலைமுதல் தலைவரை: ‘சராசரி’ என்ற சொல் வந்த வழி

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரை ஊரான வேம்பாரில் ‘பங்கு’ என்ற சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது. கோவிலில் பங்குத்தந்தை இருக்கிறார். ஒரு குருவின் பொறுப்பில் உள்ள மக்கள் அத்தனை பேரும் சேர்ந்தது ஒரு பங்கு. கரையில் ஏலம் முடிந்து, எண்ணெய்க் காசும் ஐஸ் காசும் கழித்த பிறகு வள்ளத்துக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பதும் பங்கு. செல்பேசித் திரையில் காலையில் ஏறி மாலையில் இறங்கும் கம்பெனிப் பங்கு மூன்றாவது.

மூன்றாவதை வாங்குகிறவர்கள் இரண்டாவதிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஒரு வள்ளத்தில் பணம் போட்டுப் பங்கு சேர நினைப்பவர், நேற்று வந்த மீன்பாட்டை மட்டும் பார்த்துத் தொகை பேசமாட்டார். நேற்று சீலாவும் பாரையும் குவிந்திருக்கலாம். அதற்கு முந்தைய வாரம் கச்சான் காற்றில் வள்ளமே இறங்காமல் இருந்திருக்கலாம். ‘வருசத்துக்குச் சராசரியா என்ன நிக்கும்?’ என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியின் நடுவில் நிற்கும் சொல்லைத்தான் இங்கே பின்தொடரப் போகிறேன்.

சராசரி என்பதைச் சரா, சரி என்று பிரித்து, ‘சரி’ என்றால் சமம், ஆகவே எல்லாவற்றையும் சமமாக்குவது சராசரி என்று பொருள் சொல்வோர் உண்டு. சராசரம் என்ற வடசொல்லோடு, அதாவது அசைவதும் அசையாததும் என்பதோடு, முடிச்சுப் போடுவோரும் உண்டு. இரண்டும் காதுக்குப் பொருத்தமாக இருக்கின்றன, இரண்டும் தவறு. வேம்பாரை வேம், பார் என்று பிரித்து, முத்துச்சிப்பி விளையும் கடலடிப் பாரோடு சேர்ப்பது போன்ற தவறு இது. ஊர்ப்பெயருக்குள் இருப்பது வேம்பும் ஆறும். வைப்பாறு வைப்பாராகவும் அடையாறு அடையாராகவும் வாயில் தேய்ந்ததுபோல வேம்பாறும் தேய்ந்தது. ஒலி ஒத்துப்போனால் உறவு இருக்கும் என்று நம்புவது சொல்லாராய்ச்சியில் முதல் சறுக்கல்.

சராசரி பாரசீகத்திலிருந்து கிளம்பிய சொல். அந்த மொழியில் ‘சர்’ என்றால் தலை. நமக்குப் பழகிய சர்தாரிலும் சர்க்காரிலும் இருக்கும் அதே தலைதான். ‘சராசர்’ என்றால் தலைக்குத் தலை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை, முழுவதும். அதன் வழியில் பிறந்த ‘சராசரீ’ இந்துஸ்தானியிலும் மராட்டியிலும் கணக்கர்களின் சொல்லாயிற்று. வசூல், பாக்கி, ரசீது, ஜமாபந்தி என்று வருவாய்க் கணக்கோடு தெற்கே வந்த பெரும் சொற்கூட்டத்தைச் சேர்ந்தது இது.

வழியில் இந்தச் சொல் ஒவ்வொரு மொழியிலும் ஒவ்வொரு முகம் காட்டியது. இந்தியில் ‘சர்சரீ நஜர்’ என்றால் மேலோட்டமான பார்வை. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேகமாக ஓடிவிட்ட கண். தெலுங்கில் ‘சராசரி’ என்றால் சராசரியும் உண்டு, நேராக என்ற பொருளும் உண்டு. மராட்டியும் கன்னடமும் தமிழும் கணக்குப் பொருளையே பிடித்துக்கொண்டன. மூலப்பொருளை நினைவில் வைத்தால் இந்தக் கிளைகள் எல்லாம் விளங்கும். இந்தச் சொல்லுக்குள் ‘நடு’ இல்லை, ‘சமம்’ இல்லை. இருப்பது ஒரு நடை: தொடக்கத்திலிருந்து கடைசி வரை, எதையும் தாண்டிக் குதிக்காமல் போவது. சராசரி எடுக்கிறவன் காலியான நாட்களையும் மிதித்துத்தான் மறுமுனைக்குப் போகவேண்டும். இதற்காகவே இந்தச் சொல்லை நான் விரும்புகிறேன்.

ஆங்கிலத்தின் ‘ஆவரேஜ்’ இன்னும் வியப்பானது. அது கடலில் பிறந்தது. சேதமான சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல் மத்தியதரைக்கடல் துறைமுகங்களில் ‘அவாரியா’ ஆகி, கப்பல் சேதத்தையும், அந்தச் சேதத்தைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பகிர்ந்து ஏற்பதையும் குறித்தது. புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய மூட்டைகளைக் கடலில் எறிந்தால், கரை சேர்ந்த மற்றவர்களும் அந்த இழப்பில் தங்கள் பங்கைத் தரவேண்டும். அந்தப் பங்கீட்டுக் கணக்கிலிருந்துதான் பள்ளிக்கூடத்து ஆவரேஜ் வந்தது. பழைய பொருளும் சாகவில்லை: 2021இல் சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பலுக்கு ‘ஜெனரல் ஆவரேஜ்’ அறிவிக்கப்பட்டு, அதில் சரக்கு ஏற்றியிருந்தவர்கள் எல்லோரும் பங்கு கட்ட நேர்ந்தது. ஒரு சொல் தலைமுதல் தலைவரை நடக்கச் சொல்கிறது. மற்றது இழப்பையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது.

மன்னார் வளைகுடாவுக்கு இந்த இரண்டு பாடங்களும் தேவைப்பட்டன. முத்துச் சலாபத்தைப்போல, அதாவது முத்துக்குளிப்பைப்போல, வருமானம் துள்ளிய தொழில் வேறு எது? சிப்பி முற்ற நான்கைந்து ஆண்டுகள் ஆகும். முற்றும் முன்பே நீரோட்டமும் மணலும் மீனும் அதை அழித்துவிடலாம். திருநெல்வேலிக் கரையில் 1830க்குப் பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சலாபமே நடக்கவில்லை. பிறகு திடீரென்று ஒன்றிரண்டு பருவங்கள் அள்ளிக் கொடுக்கும், மீண்டும் வெறுமை. சலாபம் அறிவிக்கும் முன் பாரிலிருந்து சில ஆயிரம் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு என்று விலை சொல்வார்கள். அந்தப் பருவத்துக்கு நல்ல மதிப்பீடுதான். அதுவே பல ஆண்டுக் குத்தகைக்கு அளவுகோல் ஆனால் என்ன நேரும் என்பதற்கு எதிர்க்கரையில் ஒரு சாட்சி இருக்கிறது.

இலங்கைப் பக்கத்துப் பார்களில் 1892 முதல் 1902 வரை பதினோரு ஆண்டுகள் சலாபம் இல்லை. 1903இல் அரசுக்கு 8 லட்சம் ரூபாய்க்கு மேல் கிடைத்தது. 1904இல் 10 லட்சத்துக்கு மேல். 1905இல் ஏறத்தாழ 25 லட்சம். அதுவரை காணாத தொகை. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போன குளியாட்களால் மரிச்சுக்கட்டி மணல்மேடு ஒரு நகரமாகியது. அவர்களுக்குக் கூலி என்று எதுவும் இல்லை, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த ஆண்டே, 1906இல், ‘சிலோன் கம்பெனி ஆஃப் பேர்ல் ஃபிஷர்ஸ்’ என்ற கம்பெனி அந்தப் பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. குத்தகை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்.

இதை ஒரு பங்கு வாங்குகிறவரின் கண்ணால் பாருங்கள். கடைசி ஆண்டு வருமானம் 25 லட்சம். குத்தகை அதில் எட்டில் ஒன்று. கடைசி மூன்று ஆண்டுச் சராசரி 14 லட்சத்துக்கு மேல். குத்தகை அதில் ஐந்தில் ஒன்றை ஒட்டி. கொள்ளை மலிவு! இப்போது தலைமுதல் தலைவரை நடந்து பாருங்கள். வெறுமையான பதினோரு ஆண்டுகளையும் சேர்த்தால் 14 ஆண்டுகளில் மொத்தம் ஏறத்தாழ 44 லட்சம், ஆண்டுக்கு 3.1 லட்சம் சொச்சம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது நானே ஒரு கணம் நின்றுவிட்டேன். மலிவாகத் தெரிந்த குத்தகை முழுச் சராசரிக்குச் சமமாக நிற்கிறது. பார்வையிடும் செலவும் பராமரிப்புச் செலவும் அதன்மேல். 1907இல் கடைசிச் சலாபம் நடந்தது. அதன்பின் பார்கள் வெறுமையாயின. குத்தகைக் காலம் முடியும் வரை கம்பெனி நிலைக்கவில்லை. அடுத்த சலாபத்துக்கு 1925 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே 14 ஆண்டுச் சராசரிகூட இந்தக் கடலுக்குப் போதவில்லை. எத்தனை ஆண்டுக்குச் சராசரி எடுப்பது என்பதை அந்தத் தொழிலின் ஏற்ற இறக்கம்தான் சொல்லவேண்டும்.

1906 தூத்துக்குடிக்கு வேறொரு வகையிலும் முக்கியமான ஆண்டு. அந்த அக்டோபரில்தான் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவுசெய்து, 25 ரூபாய்ப் பங்குகளாக 10 லட்சம் திரட்டப் புறப்பட்டார். அந்தப் பங்குக்குக் கடந்த கால வருவாயே கிடையாது. சராசரி எடுக்க எதுவுமில்லை. வாங்கியவர்கள் ஒரு கப்பலுக்கும் ஒரு நாட்டுக்கும் விலை கொடுத்தார்கள். அந்த முடிவை எந்த விகிதத்தாலும் அளக்க நான் துணியமாட்டேன்.

வருவாய் உள்ள கம்பெனிகளுக்கு வருவோம். பங்குச் சந்தைக்காரர் வாயில் ஓயாமல் வரும் பி.இ. என்பது பங்கின் விலையை ஓராண்டு வருவாயால் வகுத்தது. வகுக்கும் எண் ஓராண்டுடையது என்பதே அதன் நோய். அந்த ஆண்டு சலாபமாக இருந்தால் பங்கு மலிவாகத் தெரியும். வறட்சியாக இருந்தால் விலை உயர்ந்ததாகத் தெரியும். 2021 தொடக்கத்தில் நிஃப்டி பங்குக் குறியீட்டின் பி.இ. 40ஐத் தாண்டியதற்கு, கொரோனா ஆண்டின் சுருங்கிய லாபம் கீழே நின்றதும் ஒரு காரணம். அந்த மார்ச் இறுதியில் துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்துக் கணக்கிடத் தொடங்கியதும், விலை ஏதும் பெரிதாக மாறாமலே, எண் 33 அளவுக்கு இறங்கியது.

1929 வீழ்ச்சியின் புண் ஆறும் முன்பே, 1934இல் வெளிவந்த ‘செக்யூரிட்டி அனாலிசிஸ்’ நூலில் பெஞ்சமின் கிரஹாமும் டேவிட் டாடும் இதற்கு மருந்து சொன்னார்கள்: குறைந்தது ஐந்து ஆண்டு, முடிந்தால் ஏழு அல்லது பத்து ஆண்டு வருவாயின் சராசரியை எடுங்கள். 1988இல் பொருளியலர்களான ஜான் கேம்ப்பெலும் ராபர்ட் ஷில்லரும் அதில் விலைவாசிக் கணக்கைச் சேர்த்தார்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒரே ரூபாய் அல்ல என்பது கருப்பட்டி வாங்கும் எவருக்கும் தெரியும். ஆகவே ஒவ்வோர் ஆண்டின் வருவாயையும் இன்றைய விலைவாசிக்கு உயர்த்திக்கொண்ட பிறகே கூட்டவேண்டும். விளங்குவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: பங்குக்கு 10 ரூபாய் ஈட்டிய ஆண்டில் விலைவாசிக் குறியீடு 100, இன்று 200 என்றால் அந்த 10 இன்றைய கணக்கில் 20. இப்படிப் பத்து ஆண்டுகளையும் மாற்றிக் கூட்டிப் பத்தால் வகுத்து, பங்கின் இன்றைய விலை அதற்கு எத்தனை மடங்கு என்று பார்க்கிறோம். இந்தியாவில் இதற்குத் தொழிலாளர் பணியகம் வெளியிடும் தொழிலாளர் விலைக் குறியீடு கைகொடுக்கும். அதன் அடிப்படை ஆண்டு 1960, 1982, 2001, 2016 என்று மாறிவந்திருப்பதால் தொடர்களை இணைத்துக்கொள்ளவேண்டும். கம்பெனி போனஸ் பங்கு தந்திருந்தால், பங்கைப் பிரித்திருந்தால், பழைய எண்களையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளவேண்டும்.

இந்த அளவின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் சேர்ந்து ‘கேப்’ ஆகின்றன. நாகர்கோவில் பக்கத்தில் கேப் என்றால் கன்னியாகுமரி முனை. முனையைக் குறிக்கும் அந்த ஆங்கிலச் சொல் ‘தலை’ என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எழுத்துகள் தற்செயலாகச் சேர்ந்தவைதான். ஆனாலும் பாரசீகத் தலையும் இலத்தீன் தலையும் ஒரே கணக்கில் வந்து முட்டுவது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. தமிழில் ‘சராசரி வருவாய் மடங்கு’ என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். மடங்கு சந்தையில் ஏற்கெனவே புழங்கும் சொல். சராசரி பாட்டிக்கும் தெரிந்த சொல்.

அமெரிக்கச் சந்தையில் இந்த மடங்கு 1999 டிசம்பரில் 44ஐ எட்டியது. 1929இல் கூட 33ஐத் தாண்டியதில்லை. அதன்பின் வந்த சரிவு ஊரறிந்தது. ஷில்லருக்கு 2013இல் நோபல் கிடைத்தது. குறை சொல்வோரும் இருக்கிறார்கள். பொருளியலர் ஜெரமி சீகல் அவர்களில் முக்கியமானவர். கணக்கியல் விதிகள் மாறி, சொத்து மதிப்புக் குறைந்ததை உடனே நட்டமாக எழுதவேண்டி வந்ததால் சராசரி தாழ்ந்து, மடங்கு மிகையாகத் தெரிகிறது என்பது அவர் வாதம். அதில் நியாயம் உண்டு. தனிக் கம்பெனிக்கு இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல்: பத்து ஆண்டுக்கு முன் உப்பு விற்றது இன்று மின்சாரம் விற்றால், யாருடைய சராசரியை எடுப்பது?

நம் நாட்டு வழக்கத்திலும் சராசரி உண்டு, குறுகலாக. 1992 வரை மூலதன வெளியீட்டுக் கட்டுப்பாட்டாளர் பங்கு விலையை நிர்ணயித்தபோது மூன்றாண்டுச் சராசரி லாபத்தை ஒரு தூணாக வைத்திருந்தார். இன்று பங்கு வெளியிடும் கம்பெனி தன் விளக்கப் பத்திரத்தில் மூன்று ஆண்டு வருவாயை 1, 2, 3 என்று எடையிட்டுக் காட்டுகிறது. புதிய ஆண்டுக்கு எடை மூன்று. 1921இல் நாடார் வங்கியாகத் தூத்துக்குடியில் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி 2022இல் பங்கு வெளியிட்டபோது, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் லாபம் ஏறத்தாழ 408, 603, 822 கோடி. சும்மா சராசரி 611. எடையிட்டால் 680. கடைசி ஆண்டை மட்டும் பார்த்தால் 822. எதுவும் பொய்யில்லை, எந்தத் தலையில் நின்று பார்க்கிறோம் என்பதுதான் வேறுபடுகிறது. எடையிட்ட சராசரி தலைமுதல் தலைவரை நடக்கிறது, ஆனால் ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு. விலைவாசி அதில் இல்லவே இல்லை. ஏறிக்கொண்டே வரும் மூன்று ஆண்டுகளில் இறக்கமும் ஒளிந்துகொள்கிறது. வங்கித் தொழிலில் வாராக்கடன் பெருகிச் சுருங்கும் சுழற்சி மூன்று ஆண்டில் முடிவதில்லை. முதலீட்டாளர் பழைய ஆண்டறிக்கைகளைத் தேடியெடுத்துப் பத்து ஆண்டுத் தொடரைத் தாமே எழுதிக்கொள்ளவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். ஒரு மாலை நேர வேலை. தாளும் பென்சிலும் போதும்.

வெறுமையான நாட்களையும் கணக்கில் சேர்ப்பதை விசைப்படகுக்காரர்கள் ஆண்டுதோறும் செய்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வரவு எதுவுமில்லாத அந்த நாட்களை விட்டுவிட்டு ஆண்டு வரவைச் சொல்பவரை வட்டிக்குக் கொடுப்பவர் நம்பமாட்டார்.

தூத்துக்குடிப் பக்கத்துப் பார்களில் 1955இல் மறுபடி சலாபம் தொடங்கியது. 1961 வரை ஓடியது. தொளாயிரம் பார் என்ற பெயர் பழைய அறிக்கைகளிலும் முதியோர் பேச்சிலும் இருக்கிறது. முத்துக் கரை என்று நாம் இன்னும் பெருமையோடு சொல்லும் இந்தக் கரையின் முத்து வருமானத்துக்கு யாராவது சராசரி எடுத்தால், 1961க்குப் பிறகு வந்த அறுபதுக்கும் மேற்பட்ட பூச்சியங்களையும் வரிசையாக எழுதவேண்டும்.