வேலையை விட்டுட்டு ஜே.என்.யூ.வில் எம்.ஏ.: செலவு எங்கே இருக்கு?

டெல்லி ஜே.என்.யூ.வில் சமூகவியலோ வரலாறோ எம்.ஏ. படிக்க உங்க பி.இ. தடையில்லை. டியூஷன் கட்டணம் வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான். ஆனா கணக்கை அங்கேயே நிறுத்திடாதீங்க.

ஹாஸ்டல் கிடைக்குமா என்பதுதான் பட்ஜெட்டைத் தீர்மானிக்கும். 2019-ல் இருவர் அறையின் மாத வாடகையை 10 ரூபாயிலிருந்து 300 ஆக்கி, கூடவே 1,700 ரூபாய் சேவைக் கட்டணமும் முன்மொழிந்தப்போ மாணவர்கள் தெருவில் இறங்கினாங்க. வெளியே அறை எடுத்துப் பாருங்க, ஏன்னு புரியும்.

நுழைவுக்கு க்யூட் பி.ஜி. தேர்வு. இளநிலை க்யூட்டைத் தமிழில் எழுதலாம். முதுநிலையில் பெரும்பாலான தாள்கள் ஆங்கிலம், இந்தியில் மட்டும்தான். தமிழ்வழியில் படிச்சவங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பிஎச்.டி. வரை போகணுமா? வயசைக் கணக்கில் வைங்க. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைச்சா முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். அதுக்குப் பொதுப் பிரிவு ஆண்களுக்கு வயது வரம்பு 30, பெண்கள், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓபிசி பிரிவினருக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. தளர்வு இல்லாதவர் 27-ல் சேர்ந்தால் முடிக்கும்போது 29. நெட் ஆண்டுக்கு இருமுறைதான். எம்.ஏ. இறுதியாண்டிலேயே எழுதலாம், எழுதிடுங்க.