சூசையப்பர் வளனார் ஆன கதை

போன ஆடி மாசம் சென்னையிலிருந்து நண்பர் ஒருவர் தோட்டத்துக்கு வந்திருந்தார். முருங்கைக்காய் பறிப்பு முடிந்த சாயங்காலம் அவரை முத்தழகுபட்டி செபஸ்தியார் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போனேன். நேர்ச்சையா வந்த ஆடும் கோழியும் நூற்றுக்கணக்கில் கறியாகி, அண்டா அண்டாவா வெந்துகொண்டிருந்தது. எந்தச் சாமி கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்பதில்லை, வந்தவருக்கெல்லாம் சாப்பாடு. வரிசையில் நிற்கும்போது நண்பர் மெதுவாகக் கேட்டார்: "ஏங்க, இது சர்ச்சா, இல்ல கருப்பசாமி கோயில் கெடாவெட்டா?"

நல்ல கேள்விதான். பதில் சொல்ல நானூறு வருசம் பின்னால போகணும்.

1606-இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலியப் பாதிரியார் மதுரைக்கு வந்தார். கறி மீனை விட்டார், காவி கட்டினார், சந்நியாசி மாதிரியே வாழ்ந்தார். பரங்கிகளின் மதம் என்ற பேர் போனால்தான் மக்கள் காது கொடுப்பார்கள் என்பது அவர் கணக்கு. 1640-க்கு அப்புறம் மற்ற சாதி மக்களுக்கென்று 'பண்டாரசாமிகள்' தனியா வந்தார்கள். ஒரே மதம், ஒரே சபை, ஆனால் ஆளுக்கேற்ற சாமியார். அந்த ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவேன்.

அடுத்த நூற்றாண்டில் வீரமாமுனிவர். தேம்பாவணியில் அவர் பாடிய நாயகன் வளன், அதாவது ஏசுவை வளர்த்த சூசையப்பர். இன்றைக்குத் திண்டுக்கல் பேராலயம் புனித வளனார் பேராலயம்தான். ஆனா எங்க ஊர்ப் பெருசுகளுக்கு அது எப்போதும் 'சூசையப்பர் கோயில்'.

1773-இல் ரோம் ஏசு சபையையே கலைத்துவிட்டது. அந்தச் சபைப் பாதிரியார்கள் மறுபடி மதுரைப் பக்கம் வந்தது 1838 வாக்கில். இடையில் அறுபத்தஞ்சு வருசம். சாமியாரைக் கண்ணில் பார்ப்பதே அரிதான ஊர்களில் உபதேசியாரும் கோயில்பிள்ளையும்தான் செபம் சொல்லி, குழந்தைக்குத் தண்ணி ஊற்றி, செத்தவரை அடக்கம் பண்ணி வேதத்தைக் காப்பாற்றினார்கள். பொங்கலும் சப்பரமும் நேர்ச்சைக் கெடாயும் இவ்வளவு ஆழமா வேர் பிடித்ததுக்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கொசவபட்டியில் அந்தோணியார் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டே உண்டு.

புராட்டஸ்டன்ட் பக்கம் கதை வேற. அமெரிக்க மிஷனரிகள் 1834-இல் மதுரைக்கும் அடுத்த வருசம் திண்டுக்கல்லுக்கும் வந்தார்கள். ஆரம்பத்தில் அவர்கள் கொண்டுவந்தது மேல்நாட்டு மெட்டு. நம்ம சனத்துக்கு அது ஒட்டவில்லை. அந்த மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப், தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகளைத் திரட்டி 1853-இல் புத்தகமாக்கினார். ராகம் தாளத்தோடு பாடும் பழக்கம் அப்புறம்தான் பரவலாச்சு. 1947-இல் அந்தச் சபைகளும் சேர்ந்துதான் தென்னிந்தியத் திருச்சபை உண்டானது.

இனி எங்க வீட்டுக் கதை. எங்கய்யா சின்ன வயசில் பூசைக்கு உதவி செய்த பையன். சாமியார் பீடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று லத்தீனில் சொல்வார், இவர் லத்தீனிலேயே பதில் சொல்லணும். அர்த்தம் ஒரு சொல்லுக்கும் தெரியாது. "தப்பா சொன்னா மட்டும் தலையில குட்டு விழும், அது எந்த பாஷையிலும் வலிக்கும்ல" என்பார். சனம் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வழிபாட்டுச் சாசனத்தை வெளியிட்டது. சில வருசத்துக்குள் பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் சனத்தைப் பார்த்துத் திரும்பினார். 1969-இல் ஆரத்தி, குத்துவிளக்கு, சம்மணமிட்டு உட்காருவது உள்பட 12 விஷயங்களுக்கு ரோம் அனுமதி கொடுத்தது. எங்க ஆளுங்க சிரித்தார்கள். அனுமதி வாங்காமலே நாங்க உட்கார்ந்திருந்தது சம்மணம் போட்டுத்தானே!

சொற்களும் மாறின. சர்வேசுரன் போய் இறைவன் வந்தார். பூசை திருப்பலி ஆச்சு, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆச்சு, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆச்சு. அப்பத்தாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "பேரை மாத்துனா சாமிக்கு எப்படிடா கேக்கும்?" என்று சாகும்வரை பழைய செபமே சொன்னாள்.

2003-இல் திருச்சியிலிருந்து பிரிந்து திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனது. இப்போ கோயிலில் பெஞ்சு, கீபோர்டு. கொரோனா வருசத்தில் பூசையை செல்போனில் பார்த்தோம். சாலைக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகையில் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டம். எங்க தெருப் பையன்கள் சிலபேர் அங்கே போகிறார்கள். ஒருத்தன் சொன்னான்: "அங்க போனா யாரும் எந்தத் தெருன்னு கேக்குறதில்ல மாமா."

அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

நாங்க மேலத்தெரு. எங்க ஊர்ச் சப்பரம் நான் வளர்ந்த காலம் முழுக்க மேலத்தெருவை மட்டும் சுற்றி வரும். கீழத்தெருக்காரர்களும் அதே ஞானஸ்நானம் வாங்கினவர்கள்தான், வரியும் கொடுப்பார்கள். "எங்க தெருவுக்கும் மாதா வரணும்" என்று அவர்கள் கேட்டபோது பேச்சு முற்றி, மூணு வருசம் திருவிழாவே நின்றது. அந்தக் கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. எதிர்த்துப் பேசாததால் நான் நல்லவன் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் 1872-இல் கோயிலைக் கட்டும்போதே சாதிக்கு ஒரு பக்கமா ரெண்டா கட்டி நடுவில் சுவர் வைத்தார்கள். 1910-இல் அதை இடித்தார்கள். எங்க ஊரில் சப்பரம் இப்போ ரெண்டு தெருவுக்கும் போகுது. கல்லறைத் தோட்டத்தின் நடுச்சுவர் மட்டும் அப்படியே நிற்குது. அப்பத்தாவும் எங்கய்யாவும் இந்தப் பக்கம் கிடக்கிறார்கள்.

லத்தீன் தமிழாகச் சில வருசம்தான் ஆச்சு. இடுப்பளவு உள்ள ஒரு சுவருக்கு இத்தனை வருசமா?

இந்த நவம்பர் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் ஊர்க்கூட்டம் இருக்கு. இந்தத் தடவை பேசலாம் என்று இருக்கிறேன்.