ஒரே வினாத்தாள்

பொறியியல் கல்லூரியில் பழைய வினாத்தாள்களை மட்டும் படித்தே அரியர் இல்லாமல் தேறியவன் நான். அதனாலோ என்னவோ, குவாம் விபத்தின் விசாரணை அறிக்கையில் ஒரு பத்தியைத் தாண்டிப் போகவே முடியவில்லை.

1997 ஆகஸ்ட் 6. சியோலிலிருந்து குவாம் தீவுக்கு வந்த கொரியன் ஏர் 801. நள்ளிரவு தாண்டிய நேரம், மழை. சரியான சரிவில் இறங்க வழிகாட்டும் கிளைட்ஸ்லோப் அன்று இயங்கவில்லை. அது இல்லையென்றால், தரையில் உள்ள ஒரு ரேடியோ நிலையம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, படிப்படியாக உயரத்தைக் குறைக்க வேண்டும். குவாமில் அந்த நிலையம் இருந்தது விமான நிலையத்துக்குள் அல்ல, ஓடுபாதைக்குச் சுமார் 6 கிலோமீட்டர் முன்னால், நிமிட்ஸ் குன்றின் மேல். விமானம் அந்தக் குன்றில்தான் மோதியது. 254 பேரில் 228 பேர் இறந்தார்கள்.

என்னை நிறுத்திய பத்தி இதுதான்: இந்த வகை இறக்கத்தை அந்நிறுவனத்தின் விமானிகள் சிமுலேட்டரில் பழகியது ஒரே ஒரு இடத்துக்கு, சியோலின் கிம்போவுக்கு. தேர்விலும் அதே கிம்போதான். அங்கே அந்த நிலையம் விமான நிலையத்திலேயே இருந்தது. தூரம் பூஜ்யம் என்றால் ஓடுபாதை வந்துவிட்டது. குவாமில் பூஜ்யம் என்றால் குன்று. கிம்போவைக் கற்றுக்கொண்டவர்களுக்கு, 'இறங்கத் தெரியும்' என்று சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

மால்கம் கிளாட்வெல்லின் 'அவுட்லையர்ஸ்' 2008இல் வந்தபிறகு இந்த விபத்து ஒரு கலாசாரக் கதையாகிவிட்டது. கொரியாவில் இளையவர் மூத்தவரை எதிர்த்துப் பேசமாட்டார், அதனால் விமானம் விழுந்தது, அவ்வளவுதான். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 1999 டிசம்பரில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டில் கிளம்பிய சரக்கு விமானத்தில் கேப்டனின் சாய்மானங்காட்டி பழுது. துணை விமானிக்கு எதிரே இருந்த கருவி சரியாகவே காட்டியது. எச்சரிக்கை ஒலி அடித்தது. பிளைட் இன்ஜினியர் 'பேங்க்' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். துணை விமானி வாயே திறக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் நால்வரும் இறந்தார்கள்.

ஆனால் அந்த மௌனத்துக்கு ஒரு நிர்வாக முகமும் உண்டு. திறமையைவிட சீனியாரிட்டியும் விமானப்படைப் பின்னணியும் எடைபெற்ற நிறுவனம் அது. வாயைத் திறந்தால் நமக்கு என்ன ஆகும் என்கிற கணக்கைக் கலாசாரம் மட்டுமா கற்றுக்கொடுக்கிறது? பதவி உயர்வுப் பட்டியலும்தான்.

1999இல் டெல்டா தன் கோட்ஷேர் உறவை நிறுத்தியது. அதிபர் கிம் டே-ஜுங் வெளிப்படையாகவே கண்டித்தார். 2000இல் டெல்டாவிலிருந்து வந்த டேவிட் கிரீன்பெர்க் விமான இயக்கப் பிரிவின் பொறுப்பை ஏற்றார். பயிற்சி, போயிங்கைச் சார்ந்த வெளி நிறுவனத்திடம் போனது. பதவி உயர்வுக்குத் தகுதி அளவுகோலானது. கொரியர்களை மாற்றி வேறு ஆட்களைக் கொண்டுவரவில்லை. அதே நாடு, அதே மரியாதைச் சொற்கள். 1999க்குப் பிறகு கொரியன் ஏரில் உயிரிழப்பு விபத்து ஒன்றுகூட இல்லை.

'அவங்க கலாசாரமே அப்படி' என்று சொல்வது நிர்வாகத்துக்கு வசதி. கலாசாரத்தை யாரும் ராஜினாமா செய்யச் சொல்ல முடியாதில்லையா? பாடத்திட்டத்தை எழுதியவரை, பதவி உயர்வில் கையெழுத்திட்டவரைக் கேட்கலாம்.

2024 டிசம்பரில் ஆசியானாவை கொரியன் ஏர் வாங்கியது. இரண்டு நிறுவன விமானிகள் ஒரே வரிசைக்கு வர வேண்டும். யார் முதலில் கேப்டன் என்ற கேள்வி மறுபடி மேஜைக்கு வரும். அதோடு இன்னொரு கேள்வியையும் யாராவது கேட்டால் நல்லது: சிமுலேட்டரில் இப்போது எத்தனை விமான நிலையங்கள்?