குனிய வைத்த காய்ச்சல்

அம்பிட்டியவில் 2006ஐப் பற்றி மூத்தவர்களிடம் விசாரித்தேன். "காய்ச்சல் நாலு நாளையில போயிட்டு, மூட்டு வலிதான் போகல்ல மகன்" என்றார் ஒரு உம்மா. சுஜூதிலிருந்து எழும்ப முடியாமல், மாதக்கணக்கில் கதிரையில் இருந்து தொழுதாராம்.

அது சிக்குன்குனியா. 1952இல் இன்றைய தன்சானியாவில் பரவியபோது அறியப்பட்டது. பெயர் மக்கொண்டே மொழிச் சொல். உடம்பை வளைத்துவிடுவது என்று பொருள். இலங்கையில் 1960களில் தலைகாட்டிய அது, நாற்பது வருடம் கழித்து 2006 இறுதியில் கல்முனை, மன்னார், புத்தளம் எனப் பரவியது. கண்டியில் டெங்குவும் கூடவே வந்தது. இரண்டையும் ஒப்பிட்ட மருத்துவ ஆய்வு 2009இல் வெளியானது. ரியூனியன் தீவில் நோயாளரைத் தொடர்ந்து கவனித்தவர்கள், வலி ஆண்டுக்கணக்கில் நீடிப்பதைப் பதிந்தார்கள். நம் வீடுகளிலோ "வயசுக் கோளாறு" என்பதோடு பேச்சு முடிந்தது.

கொரோனாவுக்குப் பின் நீளும் நோய்க்கு 2020இல் பெயர் வைத்தவர்கள் நோயாளிகளே. உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை 2021 ஒக்டோபரில்தான் வந்தது. சொன்னதால், எழுதியதால் நம்பப்பட்டார்கள்.

ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டதை நாம் எழுதினோம், எழுதத்தான் வேண்டும். பிழைத்தவர்களின் இளைப்பையும் மறதியையும் எவ்வளவு எழுதினோம்? வீடு வீடாகக் கேட்டு, மாதமும் வருடமும் போட்டு எழுதிவைப்போம். அதுவும் நம் சரித்திரம்தான்.