குறத்தி அறியாத செடி

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் பாடும் குறத்தி, உண்ணிச்செடியை அறிந்திருக்க வழியில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியான அது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. பின்னர் வேலியாகி, வேலி தாண்டிக் காடேறியது.

ஆனால் மலை முழுவதையும் அது ஒன்றுபோல் பிடித்துவிடவில்லை. ஆரியங்காவுக் கணவாய்வழி வரும் சாரலில் நனைந்து மரங்கள் கவிந்த சரிவுகளில் அதற்குப் போதிய வெயில் இல்லை. விறகு வெட்டியும் தீயிட்டும் பாதை போட்டும் நாம் வெளிச்சமாக்கிவிட்ட அடிவாரச் சரிவுகளில்தான் புதராக மண்டுகிறது. மாடுகள் அதன் இலையை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துப் புல்லை மேய்ந்து அதற்கு இடம் விடுகின்றன. கரும்பழத்தைக் கொண்டைக்குருவிகள் தின்று விதை பரப்புகின்றன. சிறுவயதில் நாங்களும் தின்று துப்பியவர்கள்தாம்.

அயல் தாவரங்களை அகற்றத் தமிழக அரசு 2022இல் கொள்கை வகுத்தது. வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கிறது. வேரோடு பிடுங்கினாலும், அங்கே மரநிழல் திரும்பும்வரை, மண்ணில் கிடக்கும் விதைக்கு அதே வெயில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.