உப்பளத்துப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் எப்போ வரும்?

சென்னையிலேர்ந்து பாண்டிச்சேரிக்கு ஈசிஆர்ல போனவங்க எல்லாருக்கும் மரக்காணம் தெரியும். ரோட்டோரமா கண்ணுக்கு எட்டின வரைக்கும் உப்பளம். அங்கங்க வெள்ளை வெள்ளையா உப்புக் குவியல். வண்டியை நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவோம்.

இன்னிக்கு அங்கேயே கொஞ்சம் நிற்கலாம். அந்தப் பாத்தியில உப்பு வாருறவங்களோட பிள்ளை பக்கத்து அரசுப் பள்ளியில பத்தாவது படிக்குதுன்னு வைங்க. அந்தப் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க நாம இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கோம்? இது நாற்பது வருஷக் கதை.

தொடக்கம் 1984-85. மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. நாடு முழுக்க சுமார் 250 பள்ளிகள்ல சோதனை முயற்சி. வந்த மெஷின் பிபிசி மைக்ரோ. ஆமாங்க, அதே பிபிசிதான். இங்கிலாந்து மக்களுக்குக் கம்ப்யூட்டர் கத்துக்கொடுக்க டிவி நிகழ்ச்சி நடத்தினப்போ, கூடவே ஏகார்ன் நிறுவனத்தை வெச்சுத் தயாரிச்ச மெஷின் அது. அதுல பிரபலமான மாடலோட மெமரி 32 கேபி. இன்னிக்கு நீங்க வாட்ஸப்புல அனுப்புற ஒரு போட்டோ கூட அதுக்குள்ள அடங்காது. மென்பொருளும் பெரும்பாலும் இங்கிலாந்துச் சரக்கு, ஆங்கிலத்துல. மெஷின் வந்துச்சு; அதைத் தன் பாடமா எடுத்து நடத்த ஆசிரியர் இல்லை. இந்தக் குறை பின்னாடியும் நம்மளை விடலை.

அடுத்து 1999. தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் பரவலா போச்சு. ஆசிரியர்களை எடுத்தது ஒப்பந்த முறையில, குறைஞ்ச சம்பளத்துக்கு. 2008-ல் சிறப்புத் தேர்வு வெச்சு அவங்களை நிரந்தரமாக்கப் பார்த்தாங்க. விஷயம் நீதிமன்றம் வரைக்கும் போய், கடைசியில 652 பேர் வேலையை இழந்தாங்க. பல வருஷம் அந்த லேபைத் திறந்து மூடிக்கிட்டிருந்தவங்க அவங்க.

அந்தக் காலத்துப் ப்ளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸ் புத்தகம் ஞாபகம் இருக்கா? முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ், ரெண்டாவது சி++. நானும் அதைத்தான் படிச்சேன். வேடிக்கை என்னன்னா, ஸ்டார் ஆபீஸை வெச்சிருந்த சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கிடுச்சு. அடுத்த வருஷமே அந்த வியாபாரத்தை நிறுத்தியும் விட்டது. நம்ம புத்தகம் மாறி பைத்தான் வந்தது 2019-ல். நடுவுல எத்தனையோ பேர், கடையில கிடைக்காத ஒரு மென்பொருளோட மெனுவை மனப்பாடம் பண்ணிப் பரீட்சை எழுதினோம். ஆனா அது முழுக்க வீணும் இல்லை. மெனு மறந்துபோச்சு. செல்லுன்னா என்ன, ஃபார்முலான்னா என்ன என்பது மட்டும் இன்னிக்கு வரைக்கும் கைகொடுக்குது. அடிப்படைன்னு நான் சொல்றது அதைத்தான்.

அப்புறம் 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்குது. ஆரம்பத்துல வந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்தது. அடுத்த வருஷம் மாவட்டங்கள்ல மணிக்கணக்கா மின்வெட்டு. ஸ்கூல் லேப்ல கரண்ட் இல்லாதப்போ, வீட்டு லேப்டாப்ல பேட்டரி இருந்தது. படம் பார்க்கத்தான் ஆகும்னு கிண்டல் பண்ணினவங்க உண்டு. ஆனா வீட்டுல முதல் கம்ப்யூட்டரா அது நுழைஞ்ச குடும்பங்கள் லட்சக்கணக்குல இருக்கு. அதைக் குறைச்சுப் பேச எனக்கு மனசு வரலை.

இப்போ இந்த வரலாற்றை வரிசையா வெச்சுப் பாருங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் ப்ளஸ் ஒன்ல, அதுவும் சில குரூப்புக்கு மட்டும். லேப்டாப் ப்ளஸ் டூ வந்தவங்களுக்கு. அந்தத் திட்டம் நின்னுபோய், 2025 பட்ஜெட்ல திரும்ப அறிவிச்சப்போ, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு. நாம கொடுத்ததெல்லாம் மேல் படியில நிற்கிறவங்களுக்கு. பத்தாவதோட நின்னு உப்பளத்துக்கோ கடலுக்கோ போற பிள்ளைக்கு என்ன கிடைச்சது?

ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல முடியாது. புதுப் பாடத்திட்டத்துல ஒன்பதாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துல லிப்ரே ஆபீஸ் இருக்கு, பத்தாவதுல ஸ்க்ராட்ச் இருக்கு. எங்க? கடைசிப் பாடத்துல. மார்ச் மாசம் ரிவிஷன் நெருக்கடியில கடைசிப் பாடத்துக்கு என்ன கதின்னு உங்களுக்கே தெரியும். 6,029 அரசுப் பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் வந்திருக்கு. 2025-ல் 6 முதல் 9-ம் வகுப்பு வரைக்கும் கோடிங், ஏஐ எல்லாம் சொல்லித்தர டிஎன் ஸ்பார்க் திட்டமும் வந்திருக்கு. நல்ல விஷயம். முதல்முறையா கீழ்ப் படியைப் பார்க்கிறாங்க. ஆனா தனியா கணினி ஆசிரியர் இல்லாத பள்ளியில இதை நடத்தப்போறது கணக்கு டீச்சரோ அறிவியல் டீச்சரோதான், தன் பாடத்துக்கு நடுவுல.

'எல்லார் கையிலயும்தான் போன் இருக்கே'ன்னு கேட்கலாம். ரீல்ஸ் தள்ளத் தெரியும். டவுன்லோட் பண்ண சான்றிதழ் எந்த ஃபோல்டர்ல போய் உட்கார்ந்திருக்குன்னு தெரியாது. அதனால இ-சேவை மையத்துல போனையே நீட்டி, 'அண்ணா, ஓடிபி வந்துருக்கு பாருங்க'ன்னு கொடுக்க வேண்டியிருக்கு. சாதிச் சான்று, உதவித்தொகை, அம்மாவோட பேங்க் கணக்கு, எல்லாமே அந்த ஒரு போன்லதான். அந்தக் கவுன்ட்டர்ல யார் உட்கார்ந்திருக்காங்களோ, அவங்க நல்லவங்களா இருக்கணும்னு நம்புறதைத் தவிர வேற வழி இல்லை.

ஃபைலை எங்க சேமிக்கிறோம், பாஸ்வேர்டை யார்கிட்ட சொல்லக்கூடாது, தமிழ்ல எப்படி டைப் பண்றது, ஒரு விண்ணப்பத்தை அனுப்புறதுக்கு முன்னாடி எதையெல்லாம் சரிபார்க்கணும்? இதைச் சொல்லிக்கொடுக்கப் புது மெஷின் தேவையில்லை. எட்டாவதுலயோ ஒன்பதாவதுலயோ வாரம் ரெண்டு பீரியடும், அதுக்குன்னே ஒரு ஆசிரியரும் போதும். மெஷின் வாங்க நாற்பது வருஷமா பணம் ஒதுக்கத் தெரிஞ்ச நமக்கு, அந்த ஆசிரியருக்கு ஒதுக்கத்தான் இன்னும் மனசு வரலை.

அடுத்த தடவை மரக்காணத்துல போட்டோ எடுக்க வண்டியை நிறுத்தினா, இதையும் ஒரு நிமிஷம் யோசிங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.